அடி அடுக்குகள் ஏன் கழன்றன? ஜகார்த்தாவில் ஒரு லாப்பிஸ் லெகிட்: நிகழ்வு ஆய்வு

புகார்

இம்லெக் என்று இந்தோனேசியர்கள் சொல்லும் சீனப் புத்தாண்டுக்கு இரண்டு வாரம் இருந்தபோது புகார் வந்தது. மேற்கு ஜகார்த்தாவில் எங்கள் தெருவில், வீட்டிலேயே கேக் செய்து விற்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். சீன வம்சாவளி, வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தெருவில் எல்லோருக்கும் அவர் தாந்தே, நம் வழக்கில் அத்தை. அவரிடம் லாப்பிஸ் லெகிட் என்கிற அடுக்கு கேக்கை முழுதாக வாங்கிப்போன ஒருவர் கைபேசியில் படம் அனுப்பியிருந்தார். தட்டில் ஒரு துண்டு. மேல் பாதி கட்டியாக, கோடு கோடாக, எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. கீழே ஐந்தாறு அடுக்குகள் மட்டும் பழைய புத்தகத்தின் ஏடு மாதிரி தனித்தனியாகப் பிரிந்து கிடந்தன. கூடவே ஒரு வரி: "தாந்தே, போன வருஷம் இப்படி இல்லையே."

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, சண்டையும் போடவில்லை. அதுதான் தாந்தேவுக்குத் தாங்கவில்லை. லாப்பிஸ் லெகிட் மலிவான பண்டம் இல்லை. நல்ல டச்சு வெண்ணெயில் செய்த முழு கேக் ஜகார்த்தாவில் பத்து லட்சம் ரூபியாவைத் தாண்டுவதும் உண்டு. தவிர, அடுக்கடுக்காகச் செல்வம் சேர வேண்டும் என்ற நினைப்போடுதான் இம்லெக் மேசையில் அதை வைக்கிறார்கள். அந்த அடுக்கு கத்தி பட்டதும் உதிர்ந்தால் விருந்தாளிகள் முன்னால் எப்படியிருக்கும்?

உணவுத் தொழில்நுட்பம் படித்தவர் என்று என்னைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு. மாலையில் தாந்தே வாசலில் வந்து நின்றார். "நாக், ஒரு தடவை வந்து பாரேன்." பிள்ளைகளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

என்ன கேக் இது

லாப்பிஸ் என்ற பெயரில் இந்தோனேசியாவில் பல பண்டங்கள் உண்டு. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து வண்ண வண்ணமாக ஆவியில் அவிப்பது குவே லாப்பிஸ். மூன்றே அடுக்காக, இடையில் ஜாம் தடவி வருவது லாப்பிஸ் சுரபாயா. நம் விஷயம் அவை இரண்டும் இல்லை. லாப்பிஸ் லெகிட் என்பது முட்டை மஞ்சள் கருவும் வெண்ணெயும் மசாலாவும் சேர்ந்த கனமான கேக். மாவை மெல்லிய அடுக்காக ஊற்றி, மேலிருந்து அடிக்கும் சூட்டில் சிவக்கவைத்து, அதன் மேல் அடுத்த அடுக்கை ஊற்றி, இப்படியே பதினெட்டு, இருபது அடுக்கு வரை ஏற்றுவார்கள். டச்சு ஆட்சிக் காலத்தில் ஜாவாவில் உருவானது. நெதர்லாந்தில் இன்றும் இதை ஸ்பெக்கூக் என்றே விற்கிறார்கள். அங்கே இந்தோனேசியச் சாப்பாட்டுக் கடைகளில் விருந்து முடிந்ததும் காபியோடு இரண்டு மெல்லிய துண்டு வரும்.

ஐரோப்பாவில் ஒரு கம்பைச் சுற்றி மாவை ஊற்றி, நெருப்புக்கு எதிரே சுழற்றி, அடுக்கடுக்காகச் சிவக்கவைக்கும் கேக் உண்டு. ஜெர்மனியில் பவும்கூகன் என்பார்கள். அதே யோசனைதான் இங்கே வந்து தகரத்துக்குள் படுத்துக்கொண்டது. கம்பு போய் லோயாங் என்கிற சதுர டின் வந்தது. சேர்ந்த மசாலாவோ இந்த மண்ணுடையது. கிராம்பு மலுக்குத் தீவுகளிலிருந்து, ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் பண்டாவிலிருந்து. அந்தப் பண்டாத் தீவுகளை 1621இல் யான் பீட்டர்சோன் கூன் தலைமையில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்தபோது, அங்கிருந்த மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், அல்லது அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பட்டைக்காக அதே கம்பெனி இலங்கைக் கரைக்குப் போனது. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தது. கிழக்கும் மேற்கும் கைகோத்த இனிப்பு என்று இந்த கேக்கைப் பற்றிக் குழைந்து எழுதுகிறவர்கள் மசாலா டப்பாவின் இந்தப் பக்கத்தையும் ஒரு வரி சேர்த்தால் நல்லது. இப்போது தாந்தே வாங்குவது சுமத்ராவின் கெரிஞ்சிப் பட்டை. இலங்கைப் பட்டையைவிடத் தடிமன், காரமும் கூடுதல்.

இம்லெக்குக்கு மட்டும் என்றில்லை. லெபாரான் என்கிற நோன்புப் பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இதே கேக்தான் மேசைக்கு வரும். பலெம்பாங்கில் மக்சுபா என்று இதற்கு ஓர் உறவு இருக்கிறது. அதில் மாவே கிடையாது. முட்டையும் வெண்ணெயும் கன்டென்ஸ்டு மில்க்கும்தான், ஆனால் அடுக்கு இதே அடுக்கு. கடல் தாண்டினால் மலேசியாவின் சரவாக்கில் பச்சை, சிவப்பு, ஊதா என்று சாயம் ஏற்றிக் கோலம் போட்ட மாதிரி ஒட்டி வெட்டுகிறார்கள். பார்க்க அழகு. சாப்பிட எனக்குப் பழுப்புக் கோடு போட்டதுதான் பிடிக்கும்.

இந்த நிகழ்வுக்கு முக்கியமானது இவை எதுவுமில்லை, நெருப்பு இருக்கும் இடம். கரியடுப்புக் காலத்தில் டின்னை மூடி, மூடியின் மேல் தணலைப் பரப்பினார்கள். கோவாவின் பெபின்காவும் தேங்காய்ப்பாலில் இதே முறையில் மேல்தணலில் ஏறுகிற பண்டம்தான். லாப்பிஸ் லெகிட் பேக் செய்கிற கேக் இல்லை, மேலிருந்து வாட்டுகிற கேக். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வெண்ணெய் மேல் சந்தேகம்

தாந்தேவிடம் தீர்ப்பு தயாராக இருந்தது. வெண்ணெய்தான் குற்றவாளி.

போன வருடம் வரை அவர் முழுக்க முழுக்க வைஸ்மன் போட்டார். டின்னில் அடைத்து வரும் டச்சு வெண்ணெய் அது. டின்னைத் திறந்தாலே அடுக்கி வைத்த பால்கட்டி வாசனை தூக்கும். லாப்பிஸ் லெகிட் செய்கிறவர்களிடம் அதற்கு ஒரு தனி மரியாதை. விற்கும்போதே "வைஸ்மன் போட்டது" என்று சொல்லித்தான் விற்பார்கள். இந்த வருடம் விலை ஏறியதால் பாதி வைஸ்மன், பாதி மார்கரின் என்று மாற்றியிருந்தார். இதுவும் புதிதான வழக்கம் இல்லை, பல வீடுகளில் அப்படித்தான் கலக்கிறார்கள். ஆனால் மனசாட்சி உறுத்தியதால் பழி நேராக அங்கே போய் விழுந்தது.

எனக்கு அது ஒட்டவில்லை. வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். கட்டி மார்கரினிலும் கணக்கு அதே சுமார்தான். வாசனை மாறும், வாயில் கரைகிற விதம் மாறும். அடுக்கு பிரிய அது மட்டும் போதாது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. மாவு முழுக்க ஒரே பாத்திரத்தில் கலக்கியது. வெண்ணெய் கெட்டது என்றால் பதினெட்டு அடுக்கும் கெட வேண்டும். மேல் பாதி மட்டும் ஏன் கல்லு மாதிரி நிற்கிறது?

தாந்தேவின் மருமகள் இன்னொன்று சொன்னார். ஜகார்த்தா வெயிலில் மாவு இரண்டு மணி நேரம் காத்திருக்கிறதே, அதில் திரிந்திருக்கலாம் என்றார். நல்ல யோசனை. முப்பது டிகிரிக்கு மேல் இருக்கும் சமையலறையில் வெண்ணெய் இளகும், அடித்து ஏற்றிய காற்று இறங்கும், மாவு எண்ணெய் விடத் தொடங்கும். ஆனால் காத்திருந்து கெட்ட மாவு கடைசியாகத்தானே ஊற்றப்படும்? பழுது மேல் அடுக்குகளில் வர வேண்டும். இங்கே தலைகீழ்.

ஆக, தேட வேண்டியது இரண்டில் ஒன்று. தொடக்கத்தில் மட்டும் நடந்த ஏதோ ஒன்று, அல்லது கடைசிவரை கீழ் அடுக்குகளை மட்டும் தொட்டுக்கொண்டே இருந்த ஏதோ ஒன்று.

அறுத்துப் பார்த்தது

அதே நாளில் செய்த இன்னொரு கேக் விற்காமல் இருந்தது. தாந்தேவுக்கு அதை வெட்ட மனமில்லை. ஒருவழியாகக் கத்தியை எடுத்துக் கொடுத்தார்.

முதலில் கேக்கைக் கவிழ்த்தோம். அடியில் ஒட்டியிருந்த காகிதம் ஊறிப்போய்க் கண்ணாடி மாதிரி ஊடே தெரிந்தது, விரலில் நெய் ஒட்டியது. காகிதத்தை உரித்தால் அடிப்பக்கம் கரும்பழுப்பு. நடுவைவிட ஓரம் இன்னும் கருப்பு. பக்கவாட்டில் கீழ்ப்பகுதி ஓரம் விரலால் நெருடினால் பொடியாக உதிர்ந்தது. மேல்பகுதி ஓரமோ அமுக்கினால் உள்வாங்கி மீண்டது.

குறுக்கே வெட்டியதும் படத்தில் பார்த்ததுதான். அடியிலிருந்து ஐந்து அடுக்குகளைக் கத்தி நுனியால் ஒவ்வொன்றாகத் தூக்க முடிந்தது. ஆறாவது அடுக்கு பாதி ஒட்டி, பாதி பிரிந்தது. அதற்கு மேல் எதுவும் அசையவில்லை. பிரிந்த அடுக்குகளின் இடையில் எண்ணெய்ப் படலம் இருந்தது. காற்றுக் குமிழி வந்த தடம் இல்லை. குமிழி என்றால் அடுக்கு ஓரிடத்தில் வளைந்து குகை மாதிரி இருக்கும், இங்கே எல்லாம் தட்டையாகவே பிரிந்திருந்தன. ருசி பார்த்தோம். கீழ் அடுக்கு வறட்சி, மணல் மாதிரி. மேல் அடுக்கு ஈரமும் மினுமினுப்புமாக, ஒட்டுகிற இனிப்பு என்று பொருள்படும் லெகிட் என்ற பெயருக்கு ஏற்ற மாதிரி வாயில் ஒட்டிக் கரைந்தது.

இங்கே முட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரைக் கிலோ வெண்ணெய்க்கு 100 கிராம் மைதாதான் இந்த கேக்கில் போகிறது. கட்டிப் பிடிக்கிற வேலையை மாவு செய்வதில்லை, மஞ்சள் கரு செய்கிறது. மஞ்சள் கருவில் ஏறக்குறைய பாதி தண்ணீர், மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுப்பு, 16 சதவீதம் அளவுக்குப் புரதம். அதிலுள்ள லெசித்தின் வெண்ணெயையும் ஈரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். 65, 70 டிகிரி வாக்கில் புரதம் இறுகி ஒரு வலை ஆகும், அந்த வலைக்குள் நெய் நிற்கும். சூடு அதோடு நின்றால் சரி. நிற்காமல் இன்னும் இன்னும் வந்தால் வலை சுருங்கி, பிடித்து வைத்திருந்ததை வெளியே தள்ளும். தண்ணீர் ஆவியாகும், நெய் கக்கும். கக்கிய நெய் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் போய்ப் படியும். அப்புறம் ஒட்டு ஏது?

முதல் அடுக்குகள் ஒருவேளை வாட்டும்போதே அதிகம் காய்ந்திருக்கலாம் என்பதையும் யோசித்தோம். அது நடக்கக்கூடியதுதான். தொடக்கத்தில் மாவு டின்னின் அடியில் இருக்கும், ஓவனில் மேலே சூடு தரும் கம்பி தூரத்தில் இருக்கும். சிவக்க நேரமாகும், அந்த நேரத்தில் காயும். ஆனால் அப்படிக் காய்ந்திருந்தால் ஒவ்வொரு அடுக்கின் மேற்புறமும் முறுகலாக இருக்க வேண்டும். இங்கே அடிக் காகிதம் ஊறியிருக்கிறது, அடிப்பக்கம் கருகியிருக்கிறது, ஓரம் உதிர்கிறது. சூடு கீழிருந்து வந்திருக்கிறது, நெடுநேரம் வந்திருக்கிறது.

"தாந்தே, ஓவன் பழையதுதானே?"

இல்லை. பண்டிகைக்கு முன்னால் மகன் புது மின் ஓவன் வாங்கிக் கொடுத்திருந்தான்.

பழையது கேஸ் ஓவன். அடி நெருப்புக்குத் தனிக் குமிழ், மேல் நெருப்புக்குத் தனிக் குமிழ். பேக் செய்கிறவர்கள் அப்பி பாவா, அப்பி அத்தாஸ் என்பார்கள்: கீழ் நெருப்பு, மேல் நெருப்பு. முதல் அடுக்கு வெந்ததும் தாந்தேவின் கை தானாகப் போய் அப்பி பாவாவை அணைக்கும். புது ஓவனில் எல்லாவற்றுக்கும் ஒரே குமிழ், சுற்றிலும் சின்னச் சின்னக் கோட்டுப் படங்கள். இரண்டு கம்பியும் எரிகிற படத்தில் வைத்து முதல் அடுக்கை வேகவைத்திருக்கிறார்கள். அதன் பிறகு வெப்பக் குமிழைத்தான் ஏற்றியிருக்கிறார்கள், படத்தை மாற்றவில்லை. அடிக்கம்பி இரண்டு மணி நேரமும் எரிந்திருக்கிறது. மேற்பரப்பு வழக்கம்போல அழகாகச் சிவந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சோதித்தது

காரணம் புரிந்த மாதிரி இருந்தது, ஆனாலும் வெண்ணெய் மேல் தாந்தேவுக்கு இருந்த கோபம் தணியவில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று சின்ன ரொட்டி டின்களில் செய்தோம். ஒன்றில் முழு வைஸ்மன் மாவு, ஒன்றில் பாதிக்குப் பாதி கலந்த மாவு. இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்து மேல் கம்பி மட்டும் எரிய, பத்து பத்து அடுக்கு. பிறகு அதே கலப்பு மாவைப் புதிதாக அடித்து, இரண்டு கம்பியும் எரிய இன்னொரு டின்.

மறுநாள் வெட்டினோம். மேல் நெருப்பில் மட்டும் வாட்டிய இரண்டும் அடியிலிருந்து நுனிவரை ஒட்டியிருந்தன. மூன்றாவதில் கீழே மூன்று அடுக்கு கழன்றது, காகிதம் ஊறியிருந்தது. பத்தே அடுக்கு என்பதால் சூட்டில் இருந்த நேரம் குறைவு, அதனால் சேதமும் குறைவு. அடையாளம் மட்டும் அதேதான்.

வெண்ணெய் விடுதலையானது. ருசியில் வித்தியாசம் தெரிந்ததா என்றால் தெரிந்தது. முழு வைஸ்மன் துண்டு நாக்கில் ரொம்ப நேரம் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்ட மருமகள் இரண்டையும் சரியாகச் சொன்னார். தாந்தே எதுவும் பேசாமல் மீதியிருந்த மார்கரினை எடுத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்தார்.

திருத்திய செய்முறை

கீழே உள்ளது 20 செ.மீ. சதுர டின்னுக்கு. வெண்ணெய் 500 கிராம், கன்டென்ஸ்டு மில்க் 100 கிராம், மஞ்சள் கரு 30, பொடித்த சர்க்கரை 250 கிராம், மைதா 100 கிராம், பால் பவுடர் 20 கிராம், மசாலாப் பொடி 2 தேக்கரண்டி, ரம் ஒரு மேசைக்கரண்டி. ரம் வேண்டாம் என்கிறவர்கள் விட்டுவிடலாம், லெபாரானுக்குச் செய்யும்போது தாந்தே சேர்ப்பதில்லை.

மசாலாவுக்கு பும்பு ஸ்பெக்கூக் என்று பெயர். கடையில் பொட்டலமாகவே கிடைக்கும். வீட்டில் அரைப்பது வேறு ரகம். தாந்தேவின் கணக்கு: பட்டைப் பொடி நான்கு பங்கு, கிராம்பு ஒரு பங்கு, ஜாதிபத்திரி ஒரு பங்கு, ஏலக்காய் அரைப் பங்கு, அன்னாசிப்பூ அரைப் பங்கு. கிராம்பில் கை தாராளமாகப் போனால் நாக்கு மரத்துவிடும், கசக்கவும் செய்யும். அரைத்ததை மெல்லிய சல்லடையில் இரண்டு முறை சலிக்க வேண்டும். இல்லையென்றால் மஞ்சள் மாவில் கருப்புப் புள்ளி விழும், பாத்திரத்தின் அடியில் தங்கி கடைசி அடுக்குகளுக்கு மட்டும் மசாலா கூடும்.

வெண்ணெயும் கன்டென்ஸ்டு மில்க்கும் ஒரு பாத்திரத்தில். விரல் அமுக்கினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் நெய் ஒட்டக் கூடாது, அந்தப் பதத்தில் வெண்ணெய் இருக்கட்டும். பீட்டரில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் அடித்தால் நிறம் வெளுத்துப் பஞ்சு மாதிரி ஏறும். இன்னொரு பாத்திரத்தில் மஞ்சள் கருவும் சர்க்கரையும். கரண்டியைத் தூக்கினால் ரிப்பன் மாதிரி விழுந்து, விழுந்த கோடு சில நொடி அழியாமல் நிற்கும்வரை அதிவேகத்தில் அடிக்க வேண்டும். இந்த கேக்கில் பேக்கிங் பவுடர் கிடையாது, ஏறுகிற காற்று எல்லாம் இந்த இரண்டு பாத்திரத்தில் ஏற்றியதுதான். பிறகு முட்டையை மூன்று தவணையாக வெண்ணெயில் சேர்த்துக் கலந்து, சலித்த மைதா, பால் பவுடர், மசாலாவைத் தூவி, ரப்பர் கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக் கலக்க வேண்டும். பீட்டரை இப்போது தொடக் கூடாது. பழைய பாணிக் கோடு வேண்டுமென்றால் மாவை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் மசாலா சேர்த்து மாற்றி மாற்றி ஊற்றலாம். தாந்தே எல்லாவற்றுக்கும் மசாலா சேர்க்கிறவர். அவர் கேக்கில் தெரிகிற கோடு சிவந்த தோலின் கோடு மட்டுமே.

மாவுப் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சிலர் சொல்வார்கள். வேண்டாம், வெண்ணெய் இறுகி மாவு கட்டியாகிவிடும். மின்விசிறிக்கு அடியில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்தாலே போதும்.

இனி ஓவன். டின்னின் அடியில் காகிதம், பக்கத்தில் வெண்ணெய் தடவல். மாவு ஊற்றும் முன் வெறும் டின்னைச் சில நிமிடம் ஓவனில் சூடாக்கிக்கொள்ள வேண்டும். முதல் அடுக்கு 120 கிராம், இது கொஞ்சம் தடிமனாக இருக்கலாம். இதற்கு மட்டும் இரண்டு கம்பியும் 180 டிகிரியில் எட்டு, பத்து நிமிடம். வெந்ததும் குமிழை மேல் கம்பி மட்டும் எரிகிற படத்துக்குத் திருப்பி, வெப்பத்தை 200க்கும் 220க்கும் நடுவில் வைக்க வேண்டும். தாந்தேவின் புது ஓவனில் அந்தப் படத்துக்கு நேரே இப்போது சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு இருக்கிறது. மருமகள் வைத்தது.

அடிக்கம்பி அணைந்தாலும் ஓவனின் தரை சூடாகத்தான் இருக்கும். டின்னுக்கு அடியில் ஒரு வெறும் தட்டையும் வைத்துவிட்டால் அந்தச் சூடு நேரே ஏறாது. அதோடு தொடக்கத்தில் டின்னை மேல் தட்டில் வைத்து, கேக் உயர உயர ஒரு தட்டு இறக்க வேண்டும். கடைசி அடுக்குக்கு வரும்போது கேக் 5 செ.மீ.க்கு மேல் வளர்ந்திருக்கும், அவ்வளவு தூரம் அது கம்பியை நெருங்கியிருக்கும். இறக்காமல் விட்டால் முதலில் ஆறு நிமிடம் எடுத்த அடுக்கு கடைசியில் மூன்றே நிமிடத்தில் கருகும். கடிகாரத்தை நம்பி அடுக்கு ஏற்றுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். நிறத்தைப் பார்த்து ஏற்ற வேண்டும். தேன் நிறத்துக்கும் பழுப்புக்கும் இடையில், ஓரமும் நடுவும் ஒரே மாதிரி சிவந்ததும் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு அடுக்குக்கும் 80 கிராம், தராசில் வைத்து. டின்னையே தராசில் வைத்து ஊற்றினால் கை பழகிவிடும். சூடான பரப்பில் விழுந்ததும் மாவு இளகி ஓடும். டின்னைச் சாய்த்துச் சாய்த்து மூலைவரை ஓடவிட வேண்டும், கரண்டியால் தடவினால் கீழ்த் தோல் கிழியும். வாட்டும்போது எங்காவது காற்றுக் குமிழி எழும்பினால் பல்குத்தும் குச்சியால் ஒரு குத்து. வெளியே எடுத்ததும் கைப்பிடி வைத்த தட்டையான தகர அழுத்தியால் லேசாக ஓர் அமுக்கு. இதற்கென்றே ஜகார்த்தாவின் பேக்கிங் சாமான் கடைகளில் அழுத்தி விற்கிறார்கள். அமுக்குவது காற்றை வெளியேற்றத்தான். பலமாக அமுக்கினால் நெய் மேலே வந்து மினுக்கும், அப்புறம் அடுத்த அடுக்கு ஒட்டாது. மினுக்கிவிட்டால் காகிதத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு ஊற்றலாம்.

எடுத்ததும் உடனே ஊற்றுவது முக்கியம். திருத்திய முறையில் செய்த முதல் கேக்கிலேயே இதற்குச் சாட்சி கிடைத்தது. நடுவில் யாரோ ஆர்டருக்குப் போன் செய்ய, டின் வெளியே ஆறிக்கொண்டிருந்தது. பரப்பு ஆறியதால் மாவு ஓடாமல் திட்டுத் திட்டாக நின்று, அடியில் காற்று மாட்டிக்கொண்டது. மறுநாள் வெட்டியபோது சரியாக அந்த ஒரு கோட்டில் மட்டும் வாய் பிளந்திருந்தது. மற்றபடி அடியிலிருந்து மேல்வரை ஒட்டு நன்றாக இருந்தது.

கடைசி அடுக்கு சிவந்ததும் டின்னோடு ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது கவிழ்த்து எடுத்துவிட வேண்டும். சூட்டோடு வெட்டக் கூடாது. நெய் இன்னும் திரவமாக இருக்கும், எவ்வளவு நல்ல கேக்கும் பிரிகிற மாதிரிதான் தெரியும். ஒரு நாள் மூடி வைத்தால் நெய் இறுகி, மசாலா உள்ளே பரவும். மெல்லிய நீளக் கத்தியால், ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்து, அறுக்காமல் ஒரே அழுத்தில் வெட்டினால் கோடு கலங்காது. துண்டு ஒரு செ.மீ. தடிமன் போதும். இதைப் பெரிய துண்டாகச் சாப்பிடுகிறவரை நான் பார்த்ததில்லை.

பின் நிலவரம்

புது ஓவனில் செய்து விற்ற கேக்குகளின் பட்டியலைத் தாந்தே நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வெட்டியாயிற்றா என்று கேட்டு, கழன்றிருந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார். சிலர் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர், தனித்தனியாக உரித்துச் சாப்பிடத்தான் தன் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புகார் அனுப்பியவருக்கு முழு வைஸ்மன் கேக் போனது. பழைய கேஸ் ஓவனைத் தூக்கிப் போட வைத்திருந்தார்கள், அது திரும்ப சமையலறைக்குள் வந்துவிட்டது. ஆர்டர் அதிகமான நாட்களில் இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன.

கழன்ற அடுக்குகளையும் வீணாக்கவில்லை. மெல்லிய ஏடுகளைக் குறைந்த சூட்டில் மறுபடி காயவைத்தால் முறுகலான பிஸ்கட் ஆகிவிடுகிறது, காபிக்கு நல்ல துணை.

மீதியிருந்தது முட்டையின் வெள்ளை. ஒரு கேக்குக்கு முப்பது வெள்ளைக் கரு ஒதுங்குகிறது, பண்டிகைக் காலத்தில் ஃப்ரிட்ஜ் முழுக்க வெள்ளைக் கரு ஜாடிதான். அதில் ஒரு பகுதி லிடா குச்சிங் என்கிற பூனைநாக்கு பிஸ்கட்டாகப் போகிறது. வெள்ளைக் கரு, வெண்ணெய், சர்க்கரை, மைதா நான்கும் சேர்த்து நீளக் கோடாகப் பிழிந்து ஓரம் மட்டும் சிவக்கவைப்பது. மீதி, வெள்ளைக் கருவில் மட்டுமே செய்கிற சாதா கேக்காகிறது. அதைத் தாந்தே விற்பதில்லை, தெருவுக்குக் கொடுத்துவிடுகிறார். மார்கரின் இப்போது அந்த கேக்குக்குத்தான் போகிறது.